ஷம்போலியோன் தெருவில் ஒரு கிண்ணம் கோஷரி

கெய்ரோவின் மஃரூஃப் பேட்டைக்குள் நுழைந்ததும் முதலில் நாசியில் ஏறுவது இயந்திர எண்ணெயின் வாடைதான். தஹ்ரீர் சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் இந்தப் பகுதியில் கார் பழுதுபார்க்கும் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நடைபாதையில் பாதி இடத்தைக் கழற்றிப் போட்ட சக்கரங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வாடைக்கு நடுவே, ஷம்போலியோன் தெருவும் மஃரூஃப் தெருவும் சந்திக்கும் முனையை நெருங்கும்போது வெங்காயம் பொன்னிறமாகப் பொரியும் மணம் எதிர்கொள்கிறது. 1822இல் எகிப்தின் பண்டைய சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞரின் பெயரைத் தாங்கிய தெரு அது. அந்த முனையில் பல மாடிகளுடன் நிற்கும் ‘அபூ தாரிக்’ என்ற உணவகத்தில், இருவேறு பயணங்களில் மொத்தம் நான்கு முறை சாப்பிட்டிருக்கிறேன். அந்த நான்கு வேளைகளின் அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தக் கடையில் உணவுப் பட்டியலைப் புரட்டிப் பார்த்து யோசிக்க வேண்டிய தேவையே எழாது. அவர்கள் சமைப்பது கோஷரி என்ற ஒரே உணவு. அதற்குப் பிறகு விரும்பினால் அரிசிப் பாயசம் போன்ற ஓர் இனிப்பு. 1950இல் தள்ளுவண்டியில் தொடங்கிய வியாபாரம் இன்று ஒரு முழுக் கட்டடமாக வளர்ந்திருந்தாலும், வண்டியில் விற்ற அதே உணவைத்தான் இன்றும் விற்கிறார்கள். மேசையில் அமர்ந்தவுடன் பரிமாறுபவர் கேட்பது சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்ற ஒன்றை மட்டுமே. பதில் சொன்ன இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் கிண்ணம் வந்துவிடுகிறது. முதல் முறை போனபோது இந்த வேகம் எனக்குச் சற்று ஐயத்தைத் தந்தது; ஆறிப்போனதை அள்ளி வைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். ஆனால் ஆவி பறக்க வந்த கிண்ணத்தைக் கண்டதும் காரணம் விளங்கியது. நாள் முழுவதும் ஓயாமல் ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் கடையில் எந்த அண்டாவும் ஆறுவதற்கு அவகாசம் பெறுவதில்லை.

கோஷரி என்றால் என்ன என்பதை அறியாதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரிசியும் பழுப்பு நிற மசூர்ப் பயறும் அடியில். அதன்மேல் குட்டையான மக்ரோனி. ஒடித்துப் போட்டு வேகவைத்த ஸ்பகெட்டி. பல கடைகளில் அரிசியோடு நெய்ச் சேமியாவைப் போல வறுத்த சேமியாவும் கலந்திருக்கும். இவற்றின்மேல் வேகவைத்த கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, உச்சியில் முறுகலாகப் பொரித்த வெங்காயம். பூண்டு, காடி (வினிகர்), சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவை சேர்ந்த மெல்லிய நீர்போன்ற ‘தக்கா’ என்பதும், ‘ஷத்தா’ என்ற மிளகாய்க் காரமும் தனியாக வரும். எழுத்தில் ‘தக்கா’ என்று இருந்தாலும் கெய்ரோவாசிகள் நடுவில் உள்ள ககர ஒலியை விழுங்கிவிட்டுத் ‘தஅ’ என்றுதான் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டால் பரிமாறுபவரின் முகம் மலர்கிறது.

சோறும் மக்ரோனியும் கடலையும் ஒரே கிண்ணத்தில் என்று கேட்கும்போது, வீட்டில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டியது போலத் தோன்றலாம். சாதாரணக் கோஷரிக் கடைகளில் அது உண்மையில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. இந்தக் கடையின் மேன்மை எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியே வேகவைத்து, ஒவ்வொன்றும் தன் பதத்தை இழக்காமல் கிண்ணத்துக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சோறு உதிரியாக இருக்கிறது. பயறு தோல் கிழியாமல் உள்ளே மாவாக வெந்திருக்கிறது. மக்ரோனி பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டுகிறது. கொண்டைக்கடலை நசுக்கினால் நசுங்குகிறது, ஆனால் குழையவில்லை. ஒரு கரண்டி அள்ளினால் ஐந்து விதமான மென்மை ஒரே வாயில் கிடைக்கும். ஆறாவதாக வெங்காயத்தின் முறுகல். இந்த உணவின் இன்பம் சுவையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குப் பதத்திலும் இருக்கிறது என்பது எனக்கு இங்கேதான் தெரிந்தது.

சோற்றின் பழுப்பு நிறத்துக்குப் பயறு வேகவைத்த நீரிலேயே அரிசியை வேகவைப்பது காரணம். அதைவிட முக்கியமான நுணுக்கம் வெங்காயத்தில் இருக்கிறது. மெல்லிய வளையங்களாகவும் கீற்றுகளாகவும் அரிந்து, பெரும்பாலும் சிறிதளவு மாவு தூவி, நிதானமான சூட்டில் பொரிக்கிறார்கள். கருகுவதற்கு ஒரு நொடி முன்பாக எடுத்துவிட வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அதன் நிறம் ஏறிக்கொண்டே போகும் என்பது நம் வீட்டில் பிரியாணிக்கு வெங்காயம் வறுத்தவர்களுக்குத் தெரியும். பொரித்த பின் மிஞ்சும் எண்ணெயை அவர்கள் வீணாக்குவதில்லை. வெங்காயத்தின் இனிப்பும் மணமும் இறங்கிய அந்த எண்ணெயையே சோற்றுக்கும் மக்ரோனிக்கும் சேர்ப்பது கோஷரி சமைப்பவர்களின் வழக்கம். இறைச்சியின் சாறு ஒரு துளியும் இல்லாத உணவு எப்படி இவ்வளவு நிறைவாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்த எண்ணெயில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

சாப்பிடும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் முதல் முறை நான் தவறாகத்தான் சாப்பிட்டேன். நம் ஊரில் சாம்பாரை ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தில், வந்தவுடனே தக்காளிச் சாறு முழுவதையும் கொட்டி, ஷத்தாவையும் தாராளமாக ஊற்றிவிட்டேன். பாதிக் கிண்ணத்துக்குள் வெங்காயம் ஊறிப்போனது. காரம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. உடன் வந்திருந்த கெய்ரோ நண்பர் இரண்டாம் முறை போனபோது முறையைக் காட்டினார். முதலில் சாற்றில் பாதியை மட்டும் ஊற்றி, கரண்டியை அடிவரை செலுத்திக் கீழிருந்து மேலாக ஒருமுறை புரட்ட வேண்டும். அதன்பின் தக்கா இரண்டு கரண்டி. அதில் கஞ்சத்தனம் கூடாது, ஏனெனில் மாவுப்பொருள் மிகுந்த இந்த உணவைத் தூக்கி நிறுத்துவது அந்தக் காடியின் புளிப்பே. ஷத்தா கடைசியில், துளித் துளியாக. எகிப்தியச் சமையல் பெரும்பாலும் காரமற்றது என்று எண்ணி ஷத்தாவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆந்திர ஊறுகாய்க்குப் பழகிய நாக்குக்கும் அது உறைக்கும். வெங்காயத்தில் ஒரு பங்கை ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கடைசிக் கரண்டிகளுக்காகக் காப்பாற்றுவது நண்பரின் வழக்கம். இப்போது என் வழக்கமும் அதுவே.

இந்தக் கடையின் தக்கா எனக்கு மிகவும் பிடித்தது. பூண்டு பச்சையாகத்தான் சேர்கிறது, ஆனாலும் நெடி அடிக்கவில்லை. சீரகம் பின்னணியில் நிற்கிறது. புளிப்பு முதலில் தெரிந்து விரைவில் அடங்குகிறது. தக்காளிச் சாறும் நன்று என்றாலும், தக்கா அளவுக்கு அது என் நினைவில் தங்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வலியவே வாய்த்தது. அதே பயணத்தில் நகரின் வேறொரு மூலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், பசி பொறுக்காமல் கோஷரி வாங்கினேன். மக்ரோனி குழைந்து சோற்றோடு ஒட்டிக்கிடந்தது. கொண்டைக்கடலை ஆறேழு மட்டும் கண்ணுக்குத் தென்பட்டது. வெங்காயம் காலையிலோ முந்தைய நாளிலோ பொரித்தது என்பதை அதன் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை காட்டிக்கொடுத்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மலிவான உணவுதானே, எப்படி இருந்தால் என்ன என்று நினைப்பது தவறு. மலிவான உணவை அன்றாடம் உண்பவர்களுக்கு அதுவே முதன்மையான உணவு என்பதால், அதில் காட்டும் அலட்சியம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அபூ தாரிக்கை நான் மதிப்பதும் இதன் மறுபக்கம்தான்: எளிய பயறையும் சோற்றையும் அவர்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கோஷரியின் பெயரைக் கேட்டவுடன் நம்மவர்கள் பலருக்கும் ‘கிச்சடி’ நினைவுக்கு வரும். நம் சிற்றுண்டிக் கடைகளின் ரவா கிச்சடியைச் சொல்லவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் வட இந்தியக் கிச்சடி, நம் கணக்கில் வெண்பொங்கலுக்கு நெருங்கிய உறவு. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் நெடுங்காலம் தங்கிய மொராக்கோப் பயணி இப்னு பத்தூதா, அரிசியோடு பாசிப்பயறு சேர்த்து வேகவைத்து நெய்யுடன் உண்ணும் உணவைக் ‘கிஷ்ரி’ என்று குறித்து, அதையே இந்தியர்கள் நாள்தோறும் காலையில் உண்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு வருவதற்கு முன் கெய்ரோவைப் பார்த்தவர் அவர். பின்னர் மதுரையில் சுல்தானின் அவையிலும் தங்கியவர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், குறிப்பாக முதல் உலகப் போரின்போது சூயஸ் கால்வாயைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த இந்தியப் படைவீரர்களின் அடுக்களைகள் வழியாக இந்த உணவு எகிப்தில் பரவியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மறுபுறம், அரிசியும் பயறும் பொரித்த வெங்காயமும் சேர்ந்த ‘முஜத்தரா’ அரபு நாடுகளில் வெகு காலமாக இருப்பது. அம்மைத் தழும்பு விழுந்தது என்று பொருள்படும் அந்தப் பெயர், வெள்ளைச் சோற்றில் பயறு கரும்புள்ளிகளாகத் தெரிவதால் வந்தது. 13ஆம் நூற்றாண்டுப் பாக்தாத்தின் சமையல் குறிப்புகளிலேயே அதன் பெயர் இருக்கிறது. இரண்டு வழியாகவும் வந்து ஒரே கிண்ணத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மக்ரோனியும் ஸ்பகெட்டியும் எகிப்தில் குடியேறி வாழ்ந்த இத்தாலியர்களின் தொடர்பைக் காட்டுகின்றன. தக்காளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது.

அலெக்சாந்திரியாவுக்குப் போகிறவர்கள் அங்கே உண்ணும் மஞ்சள் கோஷரியைத் தேடிப் பார்க்கலாம். மக்ரோனி இல்லாமல், உடைத்த மசூர்ப் பருப்போடு அரிசியைக் குழைவாக வேகவைத்து, முட்டையும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். கிச்சடியின் உறவு அதில் மறைக்கவே முடியாதபடி தெரிகிறது. அதன் முதல் வாயை விழுங்கியபோது, இரண்டு மிளகை மட்டும் தட்டிப் போட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

2025 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கோஷரி சேர்க்கப்பட்டது. அந்த முடிவை எடுத்த குழு கூடிய இடம் டெல்லி என்பதும், அதே கூட்டத்தில் தீபாவளியும் பட்டியலில் இடம்பெற்றது என்பதும் இந்த உணவின் கதையை அறிந்தவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியவை.

கடைக்குள் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் நான் ஒவ்வொரு முறையும் கவனித்தேன். கழுத்துப்பட்டை தளர்த்திய அலுவலர்கள், கையில் கறை போகாத பட்டறைத் தொழிலாளர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகளை அழைத்து வந்த தாய்மார்கள், வரைபடத்தைக் கையில் வைத்த வெளிநாட்டவர்கள். இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத உணவு என்பதால், ஆண்டில் 200 நாட்களுக்கும் மேலாக விலங்கு உணவைத் தவிர்த்து நோன்பு இருக்கும் காப்டிக் கிறித்தவர்களுக்கும் கோஷரி பெரும் துணை. ‘ஸியாமி’, அதாவது நோன்புக்கு உரியது, என்ற சொல்லைக் கெய்ரோவில் கற்றுக்கொள்ளும் சைவ உணவாளர் பட்டினி கிடக்க மாட்டார். இந்த ஊரில் முட்டை, வெண்ணெய் பற்றிக் கடைக்காரரிடம் நீளமாக விளக்கிக்கொண்டிருப்பதைவிட அந்த ஒரு சொல் வேலையை முடித்துவிடும். சில கடைகளில் கோஷரியின்மேல் ஈரலோ கோழியோ வைத்துத் தரும் புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஆகவே வேறிடங்களில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அமைதியான விருந்தை எதிர்பார்ப்பவர்களுக்குக் கோஷரிக் கடை எதுவும் ஏற்றதன்று. அடுக்களை முன்பக்கத்திலேயே இருக்கும். அள்ளிப்போடுபவர்கள் உலோகக் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டித் தட்டித் தாளம் போடுவார்கள். நான்கு அண்டாக்களிலிருந்து நான்கு அள்ளல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, பார்வையை எடுக்காமல் பேசிக்கொண்டே ஒரு கிண்ணம் முடிந்துவிடும். நம் ஊரில் கொத்துப் பரோட்டாக் கல்லின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இரைச்சலாகவே தோன்றாது. இங்கே கீழ்த்தளத்தில் அமர்ந்தால் இந்தக் காட்சி முழுவதும் கிடைக்கும். குழந்தைகளுடன் வருபவர்கள் மேல்மாடிக்குப் போகலாம். பரிமாறுபவர்கள் வேகமானவர்கள், ஆனால் முகம் சுளிக்காதவர்கள். ‘அஹ்லன், யா பாஷா’ என்று அழைத்து அமரவைப்பது கெய்ரோவின் பொதுவான மரியாதைதான் என்றாலும், வெயிலில் நடந்து வந்தவனுக்கு அது இதமாக இருந்தது.

விலையை எண்ணில் எழுதப் போவதில்லை. 2024 மார்ச்சில் எகிப்திய நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் டாலருக்கு ஏறத்தாழ 31 பவுண்டிலிருந்து 50 பவுண்டு அளவுக்குச் சரிந்த பிறகு, உணவுக்கடைகளின் விலைப்பலகைகள் அடிக்கடி மாறுகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இன்னும் மிகக் குறைவான விலையே. உள்ளூர்ச் சம்பளத்தில் வாழ்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனக்கு நடுத்தரக் கிண்ணமே தாராளம். சிறியதில் தொடங்கிவிட்டு, போதவில்லை என்றால் ‘கமாலா’ கேட்பது கோஷரி உண்பவர்களின் வழக்கு. நிறைவு செய்வது என்ற பொருளில், இரண்டாவதாகக் கேட்கும் சிறு பங்கை அப்படி அழைக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறிய கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பயறும் கடலையும் புரதம் தந்தாலும், சோறும் மக்ரோனியும் ஸ்பகெட்டியும் சேர்ந்த உணவு இரத்தச் சர்க்கரைக்குக் கருணை காட்டாது. என் தந்தையுடன் போன மூன்றாம் முறை, அவருக்குச் சோற்றைக் குறைத்துக் கடலையைக் கூட்டித் தரும்படி கேட்டோம். மறுப்பின்றிச் செய்து தந்தார்கள்.

இனிப்புக்கு வரும் அரிசிப் பாயசம், ‘ரோஸ் பி லபன்’, குளிரவைத்துக் கட்டியாகத் தரப்படுகிறது. பூண்டும் காடியும் நாக்கில் நிற்கும்போது அந்தக் குளிர்ந்த பால் இனிப்பு பொருத்தமாகவே இருக்கிறது. ஏலக்காய் மணத்தை எதிர்பார்த்து உண்டால்தான் ஏமாற்றம். பகல் ஒரு மணி முதல் மூன்று மணிவரை கூட்டம் நெரியும், ஆகையால் பதினொன்றரைக்குள் போய்விடுவது உத்தமம். அப்போது அண்டாக்கள் புதிதாக இறங்கியிருக்கும். எகிப்திய அருங்காட்சியகத்தைக் காலையில் பார்த்துவிட்டு நடந்தே வந்தால் நேரமும் சரியாக அமையும். ரமலான் மாதத்தில் பகலில் கோஷரிக் கடைகளைப் பெரிதாக நம்ப முடியாது என்பதால், அந்த மாதத்தில் பயணம் செய்பவர்கள் மாலை நேரத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் முறை நான் அங்கே அமர்ந்து உண்ணவில்லை. அலெக்சாந்திரியாவுக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்ததால் ‘இல்பா’ எனப்படும் பெட்டியில் கட்டித் தரச் சொன்னேன். சாறு, தக்கா, ஷத்தா மூன்றையும் சிறு பைகளில் முடிந்து தந்தார்கள். வெங்காயத்தையும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டபோது, கேள்வியே கேட்காமல் இன்னொரு பையில் போட்டு, மேலே ஒரு கைப்பிடி கூடுதலாகவும் வைத்தார் அள்ளிப்போட்டவர். ரயில் பன்ஹாவைத் தாண்டிப் பருத்தி வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோதுதான் பெட்டியைத் திறந்தேன். சோறு சற்று ஆறியிருந்தது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் மணத்தை வைத்தே எந்தக் கடை என்று கேட்டார், பெயரைச் சொன்னேன், வெங்காயப் பையை அவர் பக்கம் நீட்டினேன். தன்தா நிலையத்தில் அவர் இறங்கும்வரை இருவரும் அதை ஒவ்வொரு கீற்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தோம். அதுவரையிலும் அது முறுகல் குறையாமல்தான் இருந்தது.